'என்றார் பிறரும்'



உன் வியாசம் வந்து சேர்ந்தது. பிறர் கருத்தை நம் சொந்த நடையில் மாற்றி எழுதிவிட்டால் அப்புறம் அடிக்குறிப்பு எதற்கு என்று அதனுடன் நீ கேட்டிருந்த கேள்விதான் நான்கு நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இரவல் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் அது சொந்தச் சட்டை ஆகிவிடுமா?

அதைக் காட்டிலும், அடிக்குறிப்பைப் பரீட்சகருக்குக் கட்டும் கப்பமாக நீ எண்ணியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சீவக சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், பிற நூல்களின் அடிகளை எடுத்துக்காட்டும்போது பல இடங்களில் நூற்பெயர் சொல்லாமல் 'என்றார் பிறரும்' என்று எழுதிச் செல்வார். அந்நூல்களை மனப்பாடமாகக் கொண்டிருந்த மாணாக்கர்க்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் 1887-இல் அக்காவியத்தைப் பதிப்பித்து வெளியிட்ட உ. வே. சாமிநாதையருக்கோ, அந்தப் 'பிறர்' யார் என்று தேடுவதே பெரும் பிரயாசையாக முடிந்து, சங்க நூல்களின் ஏட்டுச்சுவடிகள் கைக்கு வந்த பிறகே அம்மேற்கோள்களிற் பலவற்றின் பிறப்பிடம் புலனாயிற்று.

புறத்திரட்டு என்னும் செய்யுள் திரட்டைத் தொகுத்தவர் வேறு ஜாதி. தம் பெயரை நமக்குத் தெரிவிக்காமலே போய்விட்ட அந்தப் புண்ணியவான், தாம் திரட்டிய செய்யுட்கள் இன்ன இன்ன நூலைச் சேர்ந்தவை என்பதை மட்டும் சிரத்தையாகக் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்காதொழிந்தும், நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் அதன் பெயரோடு நமக்கு எஞ்சியது அதனாலன்றோ! அவர் குறியாது விட்டிருந்தால், பாட்டுக்கள் இருந்திருக்கும், முத்தொள்ளாயிரம் என்று ஒரு நூல் இருந்திராது. அதுபோலவே முழுமையாகக் கிடைக்காத தகடூர் யாத்திரையின் செய்யுட்கள் சிலவும் அந்தத் திரட்டின் உபயமே. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே எழுத முடிந்ததற்கும் இத்தகைய குறிப்புகளே ஆதாரம்; கோடை விடுமுறையில் அதை எடுத்தால் நான் சாப்பாட்டை மறந்துவிடுவேன். நீயும் படி.

உன் வியாசத்துக்கு வருகிறேன். புறநானூறு, பக்கம் 212 என்கிறாய். எந்தப் பதிப்பின் பக்கம்? பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், செய்யுள் எண் மாறாது என்பதுகூடவா ஒரு கல்லூரி மாணவனுக்கு எழுத வேண்டும்! மூலத்தைப் பார்க்காமல், அதை எடுத்தாண்ட இன்னொரு புத்தகத்திலிருந்து அடிக்குறிப்போடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டாய் என்று சந்தேகிக்கிறேன். இதே காரியத்தை இளமையில் நானும் செய்திருக்கிறேன். நான் பெயர்த்துக்கொண்ட புத்தகத்தில் செய்யுள் எண் பிழை. பல வருஷங்களுக்குப் பின், என்னை நம்பி அதே பிழையை எழுதிய ஒரு மாணாக்கனின் வியாசத்தைத் திருத்தும்போதுதான் எனக்கே அது தெரியவந்தது. அவனுக்கு மதிப்பெண் குறைக்க என் கை எழவில்லை.

எட்டாம் பக்கத்தில் மூன்று இடங்களில் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். நூலகத்துக்குப் போய் மூலத்தைப் பார்த்துவிட்டு அனுப்பு. மூலம் கிடைக்கவில்லையானால், யார் நூலின் வழியாக எடுத்தாய் என்பதை அப்படியே எழுதிவிடு.