மச்சமும் மதிப்பெண்ணும்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றங்கரையில் அமைந்துள்ள விருத்தாசலம் முற்காலத்தில் திருமுதுகுன்றம் என வழங்கிய பழம்பதியாகும். அவ்வூரைச் சார்ந்த கதையொன்றைச் சேக்கிழார் பெரியபுராணத்துள் கூறியுள்ளார். சுந்தரர் அவ்வூரில் பன்னீராயிரம் பொன் பெற்றார். அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அவருக்கு அருளப்பட்டது. ஆற்றில் இடுமுன் அவர் செய்த செயல் ஒன்று உண்டு. அப்பொன்னிலிருந்து சிறு துண்டு வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். அவ்வாறு மாதிரிக்காக வெட்டி வைக்கும் பொன்னுக்கு மச்சம் என்று பெயர். பின்னர்க் குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தமை தெரியவந்தது. மச்சம் கையில் இல்லையாயின் அக்குறை எவ்வாறு புலப்பட்டிருக்கும்?

மாணவர்களே! பல ஆண்டுகள் இக்கதையை வகுப்பில் சொல்லி வந்த யான், இதற்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டென எண்ணியதே இல்லை. ஓய்வு பெற்றபின் ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த உரையாடலே அதனை எனக்கு உணர்த்திற்று.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதனை நீங்கள் அறிவீர்கள். அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் தம் மகளுடன் வந்தார். பெண்ணின் முகம் வாடியிருந்தது. பொறியியல் படிப்பிற்கான அனைத்திந்திய நுழைவுத் தேர்வாகிய ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை அவள் சனவரித் திங்களில் எழுதியிருந்தாள். அவள் தோழியும் எழுதினாள்; ஆனால் வேறொரு நாளில், வேறொரு வேளையில்.

“தாத்தா, எனக்கு 130 மதிப்பெண், அவளுக்கு 118. ஆனால் வெளியிட்ட முடிவில் எனக்கு 94.8, அவளுக்கு 95.6 என்று வந்திருக்கிறது. இது நியாயமா?” என்று அவள் கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாதென்று கூறுவதில் இழிவில்லையாதலால், மறுநாள் வருமாறு சொல்லிவிட்டு, எங்கள் தெருவிலுள்ள கணித ஆசிரியரிடம் சென்று கேட்டேன். அவர் தாளும் எழுதுகோலும் கொண்டு ஒரு மணி நேரம் விளக்கினார். அவரிடம் கற்றதையே இங்கு எழுதுகின்றேன்.

பன்னிலக்கம் மாணவர் எழுதும் தேர்வைக் கணிப்பொறியில் ஒரே வேளையில் நடத்துதல் இயலாது. ஆதலின் பல நாள்களில், நாளுக்கு இரண்டு வேளையாக நடத்துகின்றனர். வேளைதோறும் வினாத்தாள் வேறு. எத்துணை முயன்றாலும் இரண்டு வினாத்தாள்களை ஒரே கடுமை உடையனவாக அமைத்தல் அரிது. ஒரு வேளையில் இயற்பியல் வினாக்கள் எளியனவாக அமைந்துவிடும். மற்றொரு வேளையில் கணித வினாக்கள் மாணவரைத் திணறச் செய்யும். அங்ஙனமாயின் காலையில் பெற்ற 118உம் மாலையில் பெற்ற 130உம் ஒரே படியால் அளந்தவை அல்ல. அளவு வேறுபட்டவற்றை ஒரே அளவிற்குக் கொணர்வதனையே மதிப்பெண் சமன்செய்தல் என்பர். நாளேடுகள் இதனை ‘நார்மலைசேஷன்’ என்றும் எழுதும்.

மறுநாள் தந்தையும் மகளும் வந்தனர். யான் இவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் தந்தை இடைமறித்தார்.

“ஐயா, இது எங்கள் தொழிலில் நாள்தோறும் பார்ப்பதுதானே! ஈரமண்ணில் செய்த பொருள் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது சுருங்கிவிடும். ஒரு மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். வேறொரு மண் அதைவிடக் குறைவாகச் சுருங்கும். வெந்த பொருள் இரண்டும் ஒரே அளவாக இருப்பதைப் பார்த்து, பச்சையாக இருந்தபோதும் ஒரே அளவு என்று சொன்னால் மேஸ்திரி சிரிப்பார்.”

“நன்று சொன்னீர் தம்பி. மண்ணின் சுருக்கத்தை நீங்கள் எவ்வாறு அறிகின்றீர்கள்?”

“அதே மண்ணில் ஒரு துண்டு செய்து, அளந்து குறித்துக்கொண்டு, சூளையில் வைத்துப் பார்ப்போம்.”

மச்சம் என்றேன் யான். அவருக்குப் புரிந்தது, மகளுக்கோ இன்னும் புரியவில்லை.

தேர்வில் மச்சமாக எதனைக் கொள்வது? ஜே.இ.இ. தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, 2019ஆம் ஆண்டு முதல் மாணவர் கூட்டத்தையே மச்சமாகக் கொள்கின்றது. எந்த மாணவர் எந்த வேளையில் எழுதுவது என்பது சீட்டுக் குலுக்குவது போல முறைமாற்றி ஒதுக்கப்படுகின்றது. அவ்வாறு பிரித்தால், காலைக் கூட்டத்திலும் மாலைக் கூட்டத்திலும் வல்லவரும் எளியவரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைவர் என்பது அம்முறையின் அடிப்படை. கூட்டங்கள் சமமாயின், மதிப்பெண்களில் காணும் வேறுபாடு வினாத்தாளின் வேறுபாடே ஆகும். எனவே மதிப்பெண்ணை விடுத்து, தம் கூட்டத்துள் ஒருவர் எவ்விடத்தில் நிற்கின்றார் என்று பார்க்கின்றனர்.

கணக்கு இதுதான். ஒரு வேளையில் எழுதியோருள், குறித்த மாணவர் பெற்ற மதிப்பெண்ணையோ அதனினும் குறைந்த மதிப்பெண்ணையோ பெற்றோர் எத்தனை பேர் என எண்ணுக. அத்தொகையை 100ஆல் பெருக்கி, அவ்வேளையில் எழுதிய மொத்தப் பேரால் வகுக்க. கிடைப்பது நூற்றுமானம் ஆகும். இதனைப் பெர்சன்டைல் என்றும் சொல்வர். எளிமை கருதி, வேளைக்கு 20,000 பேர் எழுதினர் என்று கொள்வோம். மாலையில் 130உம் அதற்குக் கீழும் பெற்றவர் 18,960 பேராயின் நூற்றுமானம் 94.8. காலையில் 118உம் அதற்குக் கீழும் பெற்றவர் 19,120 பேராயின் நூற்றுமானம் 95.6. வேறு வகையாகச் சொன்னால், மாலையில் அப்பெண்ணை விஞ்சியோர் 1,040 பேர். காலையில் தோழியை விஞ்சியோர் 880 பேர். மாலை வினாத்தாள் எளிது. ஆதலால் 130 பெறுதல் பலர்க்குக் கைகூடிற்று.

இங்கே பலரும் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. நூற்றுமானம் வேறு, நூற்றுக்கு இத்தனை என்னும் விழுக்காடு வேறு. 94.8 நூற்றுமானம் பெற்றவர் நூற்றுக்கு 94.8 மதிப்பெண் பெற்றவர் அல்லர். 300க்கு 130 பெற்ற நம் மாணவி நூற்றுக்கு 44 கூடப் பெறவில்லை. தன் வேளையில் முதலிடம் பெற்றவருக்கு, அவர் 300 பெறினும் 280 பெறினும், நூற்றுமானம் 100தான். இவ்வேறுபாட்டை அறியாத உறவினர் சிலர் பிள்ளைகளைப் புகழ்வதையும் கடிவதையும் காணும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

இம்முறையில் குறையே இல்லையோ எனின், உண்டு. கூட்டம் பெரியதாக இருத்தல் வேண்டும். 20 பேரே எழுதிய வேளையில் ஒருவர் ஓரிடம் முந்தினால் நூற்றுமானம் 5 உயர்ந்துவிடும், அஃது அளவாகாது. கூட்டங்கள் குலுக்கிப் பிரித்தவையாகவும் இருத்தல் வேண்டும். வல்லவர் பலர் ஒரே வேளையில் வந்து குவிவாராயின், அவ்வேளையினர் அனைவரும் தாழ்த்தப்படுவர். மச்சமே மாற்றுக் குறைந்ததாயின், உரைகல் என் செய்யும்?

அப்பெண் அமைதியாகக் கேட்டிருந்தாள். பிறகு, “தாத்தா, நான் மாநில வாரியத்தில் படிக்கிறேன், அவள் மத்திய வாரியத்தில் படிக்கிறாள். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இருவரும் விண்ணப்பித்தால் அங்கே எப்படி ஒப்பிடுவார்கள்?” என்றாள். கூரிய வினா!

தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை, தொழிற்கல்விச் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு நடந்தது. பள்ளித் தேர்விற்கு 200உம் நுழைவுத் தேர்விற்கு 100உம் ஆக 300 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை அமைத்தனர். எல்லா வாரியத்தாரும் எழுதிய அத்தேர்வு ஒருவாறு பொது உரைகல்லாக நின்றது. ஆயினும் பணம் கொடுத்துத் தனிப்பயிற்சி பெறும் நகரத்துப் பிள்ளைகளுக்கே அது துணை செய்கின்றது, ஊர்ப்புறப் பிள்ளைகள் பின்தங்குகின்றனர் என்னும் குறை எழுந்தது. பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் 2006இல் அமைந்த குழு இதனை ஆராய்ந்தது. அதன்பின் இயற்றிய சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. நுழைவுத் தேர்வு நீங்கியது. உரைகல் நீங்கவே, வெவ்வேறு வாரிய மதிப்பெண்களை ஒப்பிட வேறு வழி வேண்டியதாயிற்று. அவ்வழியைச் சட்டமே வகுத்துரைத்தது.

ஒவ்வொரு பாடத்திலும் மாநில வாரியத்து முதல் மதிப்பெண்ணையும் பிற வாரியத்து முதல் மதிப்பெண்ணையும் சமமாகக் கொள்வர். ஏனையோர் மதிப்பெண்களை அவ்விகிதப்படி உயர்த்துவர். இயற்பியலில் மாநில வாரியத்து முதல் மதிப்பெண் 100, மற்றொரு வாரியத்து முதல் மதிப்பெண் 90 என்க. அந்த 90, 100ஆகக் கொள்ளப்படும். அவ்வாரியத்தில் 60 பெற்றவருக்கு 60ஐ 100ஆல் பெருக்கி 90ஆல் வகுக்க 66.66 கிடைக்கும். பீங்கான் தொழிலாளர் இக்கணக்கைக் கேட்டவுடன் தலையசைத்தார். சுருங்கிய பொருளிலிருந்து பச்சை அளவைக் காணும் கணக்கும் இதுவே அன்றோ! இவ்வாறு பெற்ற எண்களில் கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தனித்தனியே 50க்கும் குறைத்துக் கூட்டி, 200க்குக் கட்-ஆப் மதிப்பெண் காண்பர்.

இம்முறை எவரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கக்கூடிய எளிமை உடையது. அது பெருநன்மையே. ஆயினும் இங்கே மச்சமாக நிற்பது ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண் என்பதனை நோக்குக. மேற்சொன்ன வாரியத்தில் எங்கோ ஒரு மாணவர் 90க்கு மாறாக 100 பெற்றுவிட்டால், 66.66 பெறவிருந்தவர் மீண்டும் 60க்கே இறங்குவார். அவர் செய்த பிழை யாது? தாம் கண்டும் கேட்டும் அறியாத ஒருவரின் வெற்றியால் அவர் இடம் இழக்கின்றார். இரு வாரியத்தும் முதல் மதிப்பெண் 100ஆக அமையும் ஆண்டில், ஒரு வாரியத் தேர்வு எத்துணைக் கடுமையாயினும், இக்கணக்கு ஓர் எண்ணையும் மாற்றுவதில்லை.

உச்சியிலுள்ள ஒருவரை மட்டும் பாராது, அனைவர் மதிப்பெண்ணையும் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. ஒருவர் மதிப்பெண் சராசரியினின்று எவ்வளவு விலகியுள்ளது என்று கண்டு, அதனைத் திட்ட விலக்கத்தால் வகுப்பர். சராசரி 50, திட்ட விலக்கம் 10 ஆன பாடத்தில் 65 பெற்றால் 1.5 வரும். சராசரி 40, திட்ட விலக்கம் 20 ஆன பாடத்தில் அதே 65 பெற்றால் 1.25தான் வரும். இதனை இசட் மதிப்பெண் என்பர். இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கை இப்போது இதனைக் கொண்டே நடைபெறுகின்றது.

இலங்கையைக் குறிப்பிட்ட யான், அந்நாட்டுத் தமிழர் மறவாத மற்றொன்றையும் கூறாது விடுதல் தகாது. 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில், மருத்துவக் கல்விக்குத் தமிழ்வழி எழுதியோர் 250 மதிப்பெண் பெறவேண்டியிருக்க, சிங்களவழி எழுதியோர்க்கு 229 போதுமானதாயிற்று. அதனைத் தொடர்ந்து மொழிவாரியாக மதிப்பெண்களை மாற்றியமைக்கும் முறையும் வந்தது. அதற்கு இட்ட பெயர் தரப்படுத்தல். இரு மொழிக் கூட்டங்களும் சமம், வேறுபாடெல்லாம் அளவுகோலின் பிழை என்று அம்முறை கொண்டது. ஆனால் அக்கூட்டங்கள் எவரும் குலுக்கிப் பிரித்தவை அல்ல. பள்ளிகள் வேறு, ஆய்வுக்கூட வசதி வேறு, ஊர்கள் வேறு. பின்தங்கிய ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தல் வேண்டும் என்பது நேரிய நோக்கமே. அதனை ஒதுக்கீடு என்று வெளிப்படையாகக் கூறி, இத்தனை இடம் என்று வரையறுத்துச் செய்யலாம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் அங்கு வந்தது. மொழியைக் கொண்டு எண்ணை மாற்றிவிட்டு, அதற்கு அளவையின் பெயரைச் சூட்டுதல் வேறு செயல். கல்லூரி வாயிலில் திரும்பிய இளைஞர் பலருடைய மனக்கசப்பு அந்நாட்டின் பிற்கால வரலாற்றில் ஆழப் பதிந்தது. மதிப்பெண் சமன்செய்யப்பட்டது என எவரேனும் கூறினால், மச்சம் எது, அதனை வெட்டி வைத்தவர் யார் என்று கேட்கும் வழக்கம் எனக்கு அதனால் வந்தது.

பேச்சு இவ்வளவில் நின்றது. விளக்கு வைக்கும் நேரமாயிற்று. பெண் தன் தாளில் 1,040 என்றும் 880 என்றும் எழுதி, இரண்டையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏப்ரலில் இரண்டாம் முறை எழுதலாம் தாத்தா. இரண்டில் உயர்ந்ததையே எடுத்துக்கொள்வார்கள்” என்றாள்.

“எந்த வேளையில் எழுதுவாய் அம்மா?”

“அது நம் கையில் இல்லை.”

“இருந்தால் எதைக் கேட்பாய்? எளிய தாளையா, கடிய தாளையா?”

அவள் சற்று எண்ணினாள். “எதுவானாலும் என்னை விஞ்சுபவர்கள் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதானே தாத்தா?” என்று கூறி எழுந்தாள். தந்தை அதற்குள் தெருவில் இறங்கி மிதிவண்டியைத் திருப்பியிருந்தார். அன்றிரவு அவருக்குச் சூளையில் முறைவேலை இருந்தது.