மறையூருக்கு எப்போது, எந்த வழியாக?

மூணாற்றிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டர். உடுமலைப்பேட்டையிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம்தான். நடுவில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. இங்கே வர நினைப்பவர்கள் பெரும்பாலும் மூணாற்றுக்குச் சொல்லப்படும் கணக்கையே மறையூருக்கும் வைத்துக்கொள்கிறார்கள்: மழைக்காலத்தில் வேண்டாம், டிசம்பரில் போகலாம். மூணாற்றுக்கு அது சரி. மறையூருக்குப் பாதிதான் சரி.

மூணாறு நனையும் மாதங்களில் மறையூரில் வெயிலும் சாரலும் மாறி மாறி வரும். ஆனால் மறையூருக்கு வரும் இரண்டு சாலைகளில் ஒன்று மூணாற்று மழைக்குள்தான் கிடக்கிறது. அதனால் இந்த ஊருக்கு மாதத்தைத் தனியாகவும் வழியைத் தனியாகவும் முடிவு செய்ய முடியாது. இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மழை பிரியும் இடம்

ஜூன் தொடக்கத்தில் அரபிக்கடலிலிருந்து கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குச் சரிவிலும் உச்சிகளிலும் கொட்டித் தீர்க்கிறது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் இரவிகுளத்துப் புல்வெளிகளும் அந்த மழையைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்கின்றன. கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. மறையூர் இந்த மழைமறைவில் இருக்கிறது. இன்னும் கிழக்கே இறங்கினால் சின்னார். அங்கே ஆண்டில் 40, 50 நாள்தான் மழை பெய்யும், அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்.

இந்த வறட்சிதான் மறையூருக்குச் சந்தனத்தைக் கொடுத்தது. கேரளத்தில் சந்தன மரம் இயற்கைக் காடாக வளர்ந்து நிற்பது இங்கேதான். சின்னாரில் முள்மரங்களும், நட்சத்திர ஆமையும், அரிதான சாம்பல் மலையணிலும் இருப்பதற்கும் இதே காரணம்.

உலகின் வேறு மூலைகளிலும் இப்படி நடக்கிறது. கரீபியன் கடலில் முக்குளிக்கப் போகிறவர்களுக்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆனால் அந்தக் கடலின் தென் ஓரத்தில், வெனிசுவேலாக் கரைக்கு அருகே இருக்கும் அரூபா, பொனேர், குராசோ தீவுகளைச் சூறாவளி அரிதாகவே தொடும். விவரம் தெரிந்தவர்கள் மாதத்தை மாற்றாமல் தீவை மாற்றிக்கொள்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் கேரள மலைகளுக்கு வர ஆசைப்படுகிறவர்களுக்கு மறையூர் அப்படி ஒரு மாற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: உடுமலை வழி

பலரும் தவறவிடும் பருவம் இது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, இந்த மாதங்களில் மறையூரிலும் பலமாக அடிக்கும். வானம் மேகமாக இருக்கும், வெக்கை இருக்காது. மேற்கு மலைகளின் மேல் கருமேகம் கட்டிக்கொண்டிருக்கும்போது கீழே கரும்புத் தோட்டத்தில் வெயில் விழும்.

ஊரில் மழை குறைவு என்றாலும் ஆற்றில் நீர் குறைவதில்லை. பாம்பாற்றின் நீர்ப்பிடிப்பு மழை கொட்டும் உயரங்களில் இருப்பதுதான் காரணம். அங்கே பெய்வது மறையூர், கோவில்கடவு வழியாக வந்து, சின்னார்க் காட்டுக்குள் தூவானம் அருவியாக விழுந்து, தமிழ்நாட்டில் அமராவதியாகிறது. உடுமலைக்கு அருகே 90 அடி அமராவதி அணை இந்தப் பருவத்தில் நிரம்புவதும் இந்த நீரால்தான். கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. கோவில்கடவில் தென்காசிநாதர் கோயிலருகே கரையில் நின்றால், நனையாமலே மேல்மலை மழையின் அளவு தெரியும். மலையில் மழை கனத்தால் தெளிந்த வானத்தின் கீழேயும் ஆறு திடீரென்று பெருகும். அதனால் இந்த மாதங்களில் ஆற்றில் இறங்க வேண்டாம்.

காந்தளூரில் ஆப்பிள் பறிக்கும் காலம் ஜூலை, ஆகஸ்ட். மறையூரிலிருந்து மேலே ஏறினால் சுமார் 15 கிலோமீட்டரில் காந்தளூர் வந்துவிடும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் அங்கிருந்து காய்கறியும் புவிசார் குறியீடு பெற்ற பூண்டும் லாரிகளில் ஏறும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் உருண்டை வெல்லத்துக்கும் அதுதான் கிராக்கியான சமயம்.

வழியில் மட்டும் கறாராக இருங்கள். மூணாறு சாலை இந்தப் பருவத்தில் எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாற்றை அடுத்த பெரியவாரைப் பாலம் இடிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே சாலையிலிருந்து பிரிந்து போகும் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் மலை சரிந்து எழுபது உயிர்கள் போயின. போனவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். இந்த மலைகளில் ஆகஸ்ட் மழையை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவதானால் கோவை, பொள்ளாச்சி, உடுமலை வழியாக வந்து அதே வழியாகத் திரும்புங்கள். பாலக்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் பொள்ளாச்சி, உடுமலை வழிதான் நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் முதல் பாதி வரை: பச்சையும் இடியும்

இப்போது கணக்கு தலைகீழாகிறது. வங்கக் கடல் பக்கமிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை மறையூருக்கும் சின்னாருக்கும் நேரே வந்து சேரும். காலையில் வெளுத்த வானம், பிற்பகலில் இடி, மாலையில் கனமழை என்பது அக்டோபரின் வழக்கம். சின்னாரின் காய்ந்த காடு முழுதும் தளிர்விட்டு, வேறொரு காடு போலத் தெரியும். காட்டை இந்தக் கோலத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. விலங்குகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது தோதான காலம் அல்ல. தண்ணீர் எங்கும் கிடைப்பதால் அவை காட்டுக்குள் சிதறிக் கிடக்கும், இலையடர்த்தியில் கண்ணுக்கும் படாது.

மழை கிழக்கேயிருந்து வருவதால் உடுமலை வழி பத்திரம் என்ற நம்பிக்கையை இந்தப் பருவத்தில் தளர்த்திக்கொள்ள வேண்டும். மலைச் சாலையில் கல் உருளலாம், மரம் விழலாம். மூணாறு வழியும் தப்புவதில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலின் மழை மலையைக் கடந்து வந்து, பெரியவாரையில் அப்போதுதான் போட்டிருந்த தற்காலிகப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பதுதான் புத்தி. மற்ற நாட்களில் காலையிலேயே சாலையைக் கடந்து, பிற்பகலில் தங்குமிடத்தில் இருங்கள்.

இந்தப் பருவத்தில் வெல்ல ஆலைகளை நம்பி வர வேண்டாம். சாறு பிழிந்த சக்கையைக் களத்தில் உலர்த்தி, அதையே அடுப்பில் போட்டுத்தான் கொப்பரையில் பாகு காய்ச்சுகிறார்கள். தொடர்ந்து மழை பெய்தால் சக்கை காயாது, அடுப்பும் எரியாது.

டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை: எல்லோருக்கும் ஏற்றது

முதன்முறை வருகிறவர்களுக்கும், முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருகிறவர்களுக்கும் இந்தப் பருவம்தான். வானம் தெளிந்திருக்கும், இரண்டு சாலைகளும் திறந்திருக்கும், ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். மூணாற்றின் உயரமான எஸ்டேட்டுகளில் உறைபனி விழும் இரவுகளில் மறையூரில் ஒரு கம்பளி போதும். காந்தளூரில் குளிர் கடுமையாக இருக்கும். அங்கே தங்குவதானால் அதற்கேற்ற உடை வேண்டும்.

முனியறைகளைப் பார்க்கவும் இதுதான் நேரம். பெருங்கற்காலத்தவர் பாறைப் பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துக் கட்டிய இந்தக் கல்லறைகள் திறந்த பாறைப் பரப்பில் நிற்கின்றன. கோடையில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது, மழையில் வழுக்கும். தை மாதத்தில் வந்தால் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் அஞ்சுநாட்டு ஊர்களில் பொங்கலைப் பார்க்கலாம். அரசு எல்லை எங்கே கிடந்தாலும் இவை பரம்பரையாகத் தமிழ் பேசும் ஊர்கள்.

குறை ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மூணாற்றின் நெரிசல் இங்கும் வழிந்து வரும், அறை வாடகையும் ஏறிவிடும். அந்த நாட்களை விட்டு, ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வார நாட்களில் வாருங்கள். வரையாடு பார்க்கும் ஆசையும் இருந்தால் ஜனவரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படும். நீலக்குறிஞ்சிக்காக வருகிறவர்கள் பொறுத்திருக்க வேண்டும். 2006இலும் 2018இலும் பூத்த அந்த மலரின் அடுத்த முறை 2030.

பிப்ரவரி பின்பாதி முதல் மே வரை: காட்டுக்குச் சோதனைக் காலம்

பள்ளி விடுமுறையால் பலருக்கும் இந்த மாதங்கள்தான் வாய்க்கின்றன. மலை என்றாலே குளிர் என்று நம்பி வருகிறவர்களை மறையூரின் நண்பகல் ஏமாற்றிவிடும். சின்னாரில் சமவெளிக்கு நிகரான வெயில். காந்தளூரில் தங்கி, காலையிலும் மாலையிலும் மட்டும் மறையூருக்கு இறங்கி வருவது தாங்கக்கூடிய ஏற்பாடு.

விலங்குகளைப் பார்க்க இதுவே சிறந்த காலம். இலை உதிர்ந்த காட்டில் மான்களும் காட்டு மாடுகளும் தூரத்திலிருந்தே தெரியும். யானைக் கூட்டங்கள் தண்ணீர் தேடி அமராவதி அணைப் பக்கம் இறங்கும், அதற்காக உடுமலை சாலையைக் குறுக்கே கடக்கும். அந்தச் சாலையில் அவற்றுக்குத்தான் முதல் உரிமை. பொழுது சாய்வதற்குள் சின்னாரைத் தாண்டிவிடுங்கள். யானை நின்றால் வண்டியைத் தள்ளி நிறுத்திக் காத்திருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். காட்டுத்தீ ஆபத்து கூடும்போது வனத்துறை நடைப்பயணங்களை நிறுத்திவிடும். அணைக்காத ஒரு பீடித் துண்டு இந்தப் புல்லில் போதும், ஒரு மலை எரிந்துவிடும்.

யாருக்கு எது?

மூணாற்றையும் மறையூரையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி. ஒரு வழியாக ஏறி மறு வழியாக இறங்கலாம்.

ஆறும் அருவியும் பழத்தோட்டமும் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, உடுமலை வழி மட்டும்.

பசுங்காட்டுக்கும் புகைப்படத்துக்கும் நவம்பர். திரும்பும் தேதியில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்குகளுக்கு மார்ச். வெயிலைத் தாங்குகிறவர்கள் மட்டும்.

பழங்குடி வழிகாட்டிகளுடன் சின்னாரில் நடக்க விரும்பினால், எந்தப் பருவமானாலும் வனத்துறையிடம் முன்பதிவைக் கேட்டு உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். இந்த நடைகளில் முதுவர், மலைப்புலையர் குடிகளுக்கு வேலை கிடைக்கிறது. அவர்கள் கூட வராமல் காட்டுக்குள் போக வேண்டாம்.

புறப்படும் முன் இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கையை இரண்டு மாவட்டங்களுக்குப் பாருங்கள்: இடுக்கி, திருப்பூர். இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் மறையூரில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் உரியது. இரவுப் பயணத் தடையும் சுற்றுலா இடங்கள் மூடலும் மறையூருக்கும் சேர்த்தே வரும். இதனால் பயணம் கெடுகிறவர்கள் பெரும்பாலும் ஊரின் மழையை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பியவர்கள்தான்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், என் தேர்வு செப்டம்பர், உடுமலை வழி. மேல்மலை மழை தணியத் தொடங்கியிருக்கும், பாம்பாற்றில் நீர் இருக்கும், வடகிழக்கு மழை இன்னும் வந்திருக்காது, கூட்டமும் குறைவு. மூணாறு போகிற வழியில் தேநீர் குடிக்க நிற்கும் ஊராக மட்டுமே மறையூரை அறிந்தவர்கள், இந்த ஒரு மாதத்தில் இரண்டு இரவாவது இங்கேயே தங்கிப் பாருங்கள்.