நாயகன் சும்மா இருந்தால்?

ஜப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவாபட்டாவின் ‘பனி நாடு’ நாவலில் பனியும் மலையும் மனதை அள்ளுகின்றன. ஆனால் நாயகன் ஷிமாமுரா எதுவுமே செய்வதில்லை. பாதியில் நிறுத்திவிடலாமா?
– வாசகி, மதுரை

நிறுத்தாதீர்கள். அவனை விட்டுவிட்டு கொமாகோவைக் கவனியுங்கள். வெந்நீர் ஊற்று ஊரில் விருந்தினரை இசையாலும் நடனத்தாலும் மகிழ்விக்கும் கெய்ஷா அவள். படித்த கதைகளுக்கெல்லாம் குறிப்பெழுதுகிறாள். தனியாகவே ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியைப் பழகுகிறாள். நாவலின் உயிர் அவளிடம்தான்.

ஷிமாமுராவோ பூர்வீகச் சொத்தில் வாழ்பவன். மேடையில் ஒருமுறைகூடப் பார்த்திராத மேலைநாட்டு பாலே நடனத்தைப் பற்றி எழுதுபவன். கொமாகோவின் காதலையும் அப்படித் தள்ளி நின்றே ரசிக்கிறான். அவள் உழைப்பு அத்தனையும் அவன்முன் வீணாவதுதான் கதையின் வலி. உங்கள் எரிச்சல் நியாயமானது. கதை உங்களைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

1935 முதல் இதழ்களில் பகுதி பகுதியாக வந்து, 1948-இல் முழுமை பெற்ற நாவல் இது. நீங்களும் ஒரே மூச்சில் படிக்காமல் தினம் ஒரு பகுதி படியுங்கள், அலுக்காது.