செம்மணிப் பள்ளிப்பை

கேள்வி: சட்டம் படிக்கிறேன். போர்க்குற்றங்களை விசாரித்துப் பதிவுசெய்யத் தனிப் பயிற்சி தேவையா?
– சட்ட மாணவி, சாரம், புதுச்சேரி

பதில்: கட்டாயம் தேவை அம்மா. இலங்கை யாழ்ப்பாணத்தின் செம்மணி மனிதப் புதைகுழியை 2025-இல் நீதிமன்ற மேற்பார்வையில் தொல்லியலாளர்களும் சட்ட மருத்துவர்களும் அகழ்ந்தார்கள். ஒரு சிறு எலும்புக்கூட்டோடு நீலநிறப் பள்ளிப்பை கிடைத்தது. நெஞ்சு பதறுகிறது. ஆனால் அது எந்த ஆழத்தில் கிடந்தது, யார் எடுத்தார், யாரிடம் ஒப்படைத்தார் என்று அன்றன்றே எழுதிவைக்காவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வெறும் பையாக்கிவிடுவார். இணையத்தில் பரவும் கைபேசிக் காணொளிக்கும் இதே கதிதான். அதைச் சரிபார்த்துப் பாதுகாக்க 2020-இல் பெர்க்லி நெறிமுறை வந்தது. சித்திரவதைத் தழும்புகளை ஆவணப்படுத்த இஸ்தான்புல் நெறிமுறை. பாதிக்கப்பட்டவரை மறுபடி நோகடிக்காமல் கேட்கும் முறையும் அதில் உண்டு. இரண்டையும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.