ஆட்டம் பார்க்க நேரம் கேட்கும் மருமகனுக்கு

புதுச்சேரி,
ஏப்ரல் 2026

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் வீடு நடந்து வரும் தூரத்தில் இருந்தும் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நேரில் பேசினால் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், உன் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தை யார் பக்கம் பேசுகிறாள் என்பதே பேச்சாகிவிடும், சொல்ல வந்தது நின்றுபோகும். இதை நீ தனியாக உட்கார்ந்து படி. பிறகு அவர்களிடம் காட்டுவதென்றாலும் காட்டு.

"ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் மேட்ச் பாக்குறது தப்பா அத்தை?" என்று போனில் கேட்டாய். தப்பே இல்லை. நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு மனசு ஆறுவதற்கு ஒன்று வேண்டும். நானும் ஆட்டம் பார்க்கிறவள்தான், அதன் ருசி எனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டில் நடந்தாக வேண்டிய வேலை யார் தலையில் விழுகிறது?

ஐ.பி.எல். கணக்கையே எடுத்துக்கொள். சென்ற ஆண்டு அட்டவணையில் 74 ஆட்டங்கள். இரவு ஆட்டம் 7:30-க்குத் தொடங்கினால் முடிய 11 மணி ஆகிவிடுகிறது. ஒன்று விடாமல் பார்த்தால் இரண்டு மாதத்தில் 250 மணி நேரத்துக்கு மேல் போகும். அந்த நேரம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பார். உன் மனைவி டியூட்டி முடித்து வந்து செருப்பைக் கழற்றும் நேரம் அது. குழந்தைக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்கிற நேரம், தோசை வார்க்கிற நேரம், பாத்திரம் விளக்குகிற நேரம், மறுநாள் சீருடையை எடுத்து வைக்கிற நேரம். அண்ணி நாள் முழுக்கக் காத்திருந்து தொடர் பார்க்க உட்காரும் நேரமும் அதுதான். பகல் 2 மணிக்கு ஆட்டம் நடந்தால் உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது. நம் ஊரில் பாதிக் கடை அப்போது மூடித்தானே கிடக்கிறது.

2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அதிலும் கணக்கெடுத்த நாளில் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே 100-க்கு 26 பேர்தான். உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நீ கூடத்தில் உட்காரும்போது உள்ளே ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்பது உங்கள் வீட்டுக்கு மட்டுமான சங்கதி இல்லை என்று தெரிய வேண்டும். அவள் முகம் சுருங்குவது கிரிக்கெட்டைப் பார்த்து அல்ல.

உன் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். அண்ணனுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும்போது ரேடியோவில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை வீடெல்லாம் கேட்கும். ஐந்து நாளும் கேட்பார். ஒரு நாள்கூட அதனால் வாக்குவாதம் வந்ததில்லை. காரணம் எளிது. ரேடியோ காதை மட்டும்தான் கேட்டது. அண்ணன் கையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார், சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார், உன்னை மடியில் வைத்திருப்பார். விக்கெட் விழுந்தால் அடுப்படியிலிருந்து அண்ணியே "யாரு அவுட்டு?" என்று கேட்பார். டிவி அப்படியில்லை. கண்ணைக் கேட்கிறது, கூடத்தைக் கேட்கிறது, வீட்டிலுள்ள மற்றவர்களின் வாயையும் மூடச் சொல்கிறது. அதனால்தான் உன் அப்பா கேட்காமலே எடுத்துக்கொண்டதை நீ கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

எப்படிக் கேட்பது என்பதை என் புகுந்த வீட்டில் பார்த்தேன். மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சொல்தா குடும்பம். அவர்களுக்குப் பிரான்ஸ் அணி ஆடினால் அது வீட்டு விசேஷம். 1998 ஜூலை 12 அன்று பாரிஸ் பக்கத்தில் பிரான்சும் பிரேசிலும் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் ஆடினார்கள். நமக்கு அது நள்ளிரவு 12:30. கொசக்கடை வீதி வீட்டில் இருந்தது ஒரே டிவி, அதுவும் மாமியார் படுக்கிற கூடத்தில். அவர் விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடிக்கிறவர், தூக்கம் கெட்டால் அன்று முழுக்கத் தலைவலி.

உன் மாமா அரையிறுதி முடிந்ததுமே அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி கூடம் எனக்கும் அப்பாவுக்கும் வேணும்மா. ரெண்டரைக்கு முடிஞ்சிடும். திங்கக்கிழமை காலைல தண்ணி நான் புடிக்கிறேன், ரொட்டி வாங்கிட்டு வந்து காப்பியும் நானே போடுறேன். நீங்க ஏழு மணி வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மாமியாரின் படுக்கையை உள் அறைக்கு அவரே மாற்றினார். டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். ஜிடேன் முதல் பாதியிலேயே இரண்டு முறை தலையால் முட்டிக் கோல் போட்டார், கடைசி நிமிடத்தில் பெத்தி மூன்றாவதைப் போட்டார். மாமனார் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். காலையில் சொன்னபடியே குடமெல்லாம் நிரம்பியிருந்தது. அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம், மருமகனே. ஆட்டத்துக்கு முன்னால் பணிவாகப் பேச எல்லா ஆணுக்கும் தெரியும். ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில்தான் பேச்சின் தரம் தெரியும்.

உன் மாமா செய்ததில் இன்னொன்றைக் கவனி. அம்மாவின் காலைத் தூக்கத்துக்கு ஈடாகக் காலைத் தூக்கத்தையே கொடுத்தார். நீ என்ன செய்கிறாய்? ஐந்து மாலையை எடுத்துக்கொண்டு ஆறாவது நாள் நேரு வீதியில் ஒரு புடவை வாங்கிக் கொடுக்கிறாய், பீச் ரோட்டுக்குக் கூட்டிப்போகிறாய். அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவளிடம் குறைகிறது புடவை இல்லையே. மாலையை எடுத்தால் மாலையைத் திருப்பிக் கொடு. செவ்வாய்க்கிழமை ஆட்டம் உனக்கென்றால் புதன்கிழமை ஏழு மணிக்கு மேல் அடுப்பும் குழந்தையும் உன் பொறுப்பு. அவள் மாடியில் காற்று வாங்கட்டும், அம்மாவிடம் போனில் பேசட்டும், சும்மா படுத்துக் கிடக்கட்டும். என்ன செய்தாய் என்று நீ கேட்கக் கூடாது.

கேட்கும்போது உண்மையான நேரத்தைச் சொல். கிரிக்கெட்டில் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது பொய். கடைசி இரண்டு ஓவர் அரை மணி நேரம் இழுப்பதை நானே பார்த்திருக்கிறேன். கால்பந்து அந்த வகையில் நேர்மையானது. 45 நிமிடம், இடையில் 15, மறுபடி 45. இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடலாம். ஆனால் நாக் அவுட் ஆட்டமென்றால் கூடுதல் நேரம் 30 நிமிடம், அதற்கு மேல் பெனால்டி. 2022 டிசம்பர் 18 அன்று உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவும் பிரான்சும் ஆடியதை உங்கள் வீட்டில்தான் பார்த்தோம். 8:30-க்குத் தொடங்கியது. எம்பாப்பே மூன்று கோல் போட்டும் 3-3 என்று நின்று, பெனால்டியில் தோற்று முடியப் பதினொன்றரை ஆகிவிட்டது. அன்று பத்தரைக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்தாய், அண்ணி அதுவரை சாப்பிடாமல் காத்திருந்தார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர். முன்கூட்டியே பன்னிரண்டு ஆகும் என்று சொல்லியிருந்தால் எட்டு மணிக்கே சாப்பிட்டிருப்பார்.

அண்ணியின் தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. "அழுகை சீரியல்" என்று நீ சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று இருக்கிற நேரம் அந்த ஒன்றரை மணிதான். மறுநாள் காலை தெருவில் நாலு பெண்களோடு பேசுவதற்கு அது வேண்டும். போனில் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்கிறாய். உன் ஆட்டத்தையும் முடிவு தெரிந்த பிறகு பார்க்கலாம், நீ பார்ப்பாயா? வாரத்தில் எந்தெந்த நாள் தொடர் அவருக்கு விடக்கூடாத கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். அந்த நாட்களில் ரிமோட்டைத் தொடாதே. மற்ற நாட்களில் அவரே எடுத்துக் கொடுப்பார், எனக்கு அண்ணியைத் தெரியும்.

இன்னொரு டிவி வாங்கிவிடலாம் என்கிற யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். பணத்துக்காகச் சொல்லவில்லை. டிவி இரண்டாகும், ஆளுக்கொரு அறை ஆகும், சண்டையும் நின்றுவிடும். அடுப்படி மட்டும் அப்படியே இருக்கும், அங்கே நிற்பவளும் அவளே. இப்போது நடக்கிற சண்டையிலாவது அவள் குரல் வெளியே கேட்கிறது.

நண்பர் வீட்டில் பார்க்கிறேன் என்று கிளம்புவதையும் குறைத்துக்கொள். கூடத்தில் இருந்தால் குழந்தை அழும்போது எழுந்திருப்பாய், வெளியே போனால் அதுவும் இல்லை. நம் ஊரில் நாலு பேர் ஆட்டம் பார்க்கக் கூடினால் நடுவில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கேட்டு வாங்கிய நேரத்துக்குள் பாட்டில் வந்துவிட்டால் அடுத்த முறை உன் சொல்லுக்கு மதிப்பிருக்காது. பணம் கட்டி அணி சேர்க்கிற ஆட்டமும் அப்படித்தான். அதற்குத்தான் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. பணம் கட்டியவன் ஆட்டம் பார்ப்பதில்லை, பதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பதற்றம் வீட்டில் இருப்பவர்கள் மேல்தான் பாயும்.

உன் மனைவிக்கு ஆட்டத்தில் விருப்பமில்லை என்று சொன்னாய். நான் நம்பவில்லை. போன நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை வாங்கினார்களே, அன்று நான் உங்கள் வீட்டில் இருந்தேன். மழையால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவு வரை போனது. தீப்தி சர்மா ஐந்தாவது விக்கெட்டை எடுத்தபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். ஆனால் ஷெபாலி வர்மா அடித்த 87 ரன்னில் பாதியை அவள் பார்க்கவில்லை. அப்போது சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள். நீ உட்கார்ந்திருந்தாய். அவளுக்கு விருப்பம் இருக்கிறது, உட்கார நேரம்தான் இல்லை.

வரும் ஜூனில் இரண்டு உலகக் கோப்பைகள் ஒன்றாக வருகின்றன. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் கால்பந்து. இந்த முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஜூன் 12 முதல் ஜூலை 5 வரை இங்கிலாந்தில் பெண்கள் டி20. கால்பந்து பெரும்பாலும் நமக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். பிரான்சின் முதல் ஆட்டம் செனகலோடு, ஜூன் 17 புதன்கிழமை இரவு 12:30 மணிக்கு, அதாவது செவ்வாய் இரவு தூங்கப் போகிற நேரம். 2002-இல் இதே செனகல் முதல் ஆட்டத்திலேயே பிரான்சை 1-0 என்று வீழ்த்தியது, மாமனார் அன்று இரவு சாப்பிடவில்லை. ஆகவே நீ அதைப் பார்த்தே தீருவாய் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு டியூட்டி இருந்தால் குழந்தை உன் பக்கத்தில் படுக்கட்டும், காலைச் சமையலும் உன்னுடையது. அதைச் செய்ய முடியாதென்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிடு. பெண்கள் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஜூன் 14 ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறார்கள். அந்த நாளை இப்போதே அவளுக்கு எழுதிக் கொடு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவள் கூடத்தில் இருக்க வேண்டும், சப்பாத்தி நீ இட வேண்டும்.

104 ஆட்டத்தில் உனக்கு உண்மையாகவே வேண்டியது எத்தனை என்று உட்கார்ந்து யோசி. பத்துப் பன்னிரண்டு தேறும். மற்றவற்றைப் பழக்கத்தால் பார்க்கிறாய், மறுநாள் ஸ்கோர்கூட நினைவிருப்பதில்லை. வேண்டிய பத்தை மட்டும் கேள், தயங்காமல் கேள். மனதுக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறவனுக்கு வீட்டில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ரிமோட்டைத் தேடுகிறவனோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்குப் போய்விட்டு வந்து மாதக் காலண்டரை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் உட்காருங்கள். முதலில் உன் மனைவிக்கு எந்தெந்த மாலை வேண்டும் என்று கேட்டு எழுது. அடுத்து அண்ணியின் நாட்களை எழுது. மீதியில் உன் ஆட்டங்களைக் குறித்துக்கொள். எழுதியதற்கு மாறாக முதலில் நடப்பவன் நீயாக இருக்காதே.

அன்புடன்,
உன் அத்தை