கணிப்பொறிக் கால்பந்தில் சீருடை தைத்தல்

கால்பந்தாட்ட விதிகளுள் நான்காவது ஆடையைப் பற்றியது. இரு குழுவினரும் எளிதில் வேறுபடுத்தி அறியத்தக்க நிறங்களை அணிதல் வேண்டும்; கோல் கீப்பர் தனி நிறத்தில் நிற்றல் வேண்டும். 2013இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி.க்கும் நீலம், 2014இல் தோன்றிய சென்னையின் எஃப்.சி.க்கும் நீலம். இரண்டும் மோதினால் ஒரு குழு சட்டையை மாற்றியே தீர வேண்டும். அவ்விரு நகரங்களையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலை சித்தூர் வழியே செல்வதால், இவ்வழக்கில் நாம் நடுநிலை வகிப்பதே முறை!

மாணவ நண்பர்கள் பலர் பழைய கணிப்பொறியில் இன்றும் ஆடும் விளையாட்டு, கோனாமி நிறுவனம் 2006இல் வெளியிட்ட புரோ எவொலூஷன் சாக்கர் 6. அதில் சென்னைக்கு இடமில்லை. நம் சூப்பர் லீக்கின் முதல் ஆட்டம் நடந்ததே 2014இல் அன்றோ? உலகப் புகழ் பெற்ற குழுக்களுக்கும் அதில் முழு மரியாதை கிட்டவில்லை. பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த உரிமம் பெறாமையால், செல்சி அங்கே 'லண்டன் எஃப்.சி.' ஆயிற்று, லிவர்பூல் 'மெர்சிசைட் ரெட்' ஆயிற்று. தம் குழு முகமூடி அணிந்து ஆடுவதைக் காணப் பொறாத ரசிகர்கள் தாமே ஊசியும் நூலும் எடுத்தனர்.

சட்டைப் படங்கள் அனைத்தும் ஒரே பெருங்கோப்பில் பொதிந்துள்ளன. அதைக் கிழித்துத் தைப்பது ஆபத்து. ஒரு தவறு நேர்ந்தால் ஆட்டமே திறவாது. 'கிட்சர்வர்' என்னும் துணைநிரல் இவ்விடரை நீக்கியது. அது மூலக்கோப்பைத் தொடுவதில்லை. ஆட்டம் சட்டையைக் கேட்கும் நேரத்தில், வேறோர் உறையிலிருந்து நம் படத்தை எடுத்து நீட்டுகிறது. விருப்பமில்லையெனில் கழற்றிவிடலாம். எத்துணை நயமான ஏற்பாடு!

இனி, படத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். அதன் அளவு 512க்கு 256 புள்ளிகள். மார்பு, முதுகு, கை, கால்சட்டை, காலுறை யாவும் தையற்காரர் வெட்டிப் பரப்பிய துண்டுகளைப்போல் தட்டையாகக் கிடக்கும். ஆட்டம் அவற்றை வீரனின் உடலில் சுற்றுகிறது. எனவே மார்பிலுள்ள கோடு முதுகுக் கோட்டோடு பக்கவாட்டில் பொருந்துகிறதா என்று பார்த்தல் வேண்டும். புதியவர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். நகரி நெசவாளரைக் கேட்டால் கரை சேர்ப்பதன் அருமை விளங்கும். நிறங்களும் 256க்கு மேற்படலாகாது. காளத்தி கலம்காரி ஓவியர் அதனினும் எத்தனையோ குறைந்த சாயங்களைக் கொண்டு இராமாயணத்தையே தீட்டுகின்றனர். ஆதலின் குறை கூற இடமில்லை.

படத்தைப் பி.என்.ஜி. வடிவில் சேமித்து, குழுவின் பெயரிட்ட உறையில் இடுக. அதனுள் 'பி.ஏ.' என்பது சொந்தக் களத்து உடை, 'பி.பி.' வெளிக்களத்து உடை, 'ஜி.ஏ.', 'ஜி.பி.' கோல் கீப்பருக்குரியவை. மூன்றாம் உடைக்கு, 'பி' எழுத்தில் தொடங்கும் மற்றோர் உறை போதும். பின்னர், குழுவின் எண்ணையும் உறையின் பெயரையும் வரைபடப் பட்டியலில் ஒரு வரியாக எழுதுக. சென்னைக்கு எண் ஏது? திருத்தும் பகுதியில், ஆர்வமற்ற ஒரு குழுவின் பெயரை மாற்றி அதன் எண்ணைக் கடன் வாங்குக.

ஒன்று சொல்ல வேண்டும். நாம் வரைந்த படத்தை நண்பருக்குக் கொடுப்பது வேறு; ஆட்டத்தையே படியெடுத்து விற்பது வேறு. சின்னமும் குழுவின் உடைமையே. காசாக்கும் எண்ணம் வேண்டா.

ஆட்டத்திற்கு முன் சீருடை தேர்ந்தெடுக்கும் திரையில் 1, 2 விசைகள் இரு குழுக்களின் உடையை மாற்றும். 3, 4 கோல் கீப்பர்களுக்கு. பெங்களூரு நீலத்தில் நின்றால், சென்னைக்கு வெள்ளையைத் தேர்ந்துகொள்க.