கிரகணக் கணக்கும் கிரகணத் தொழுகையும்

சூரிய கிரகணம் வருகிறது என்று பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால், திருவல்லிக்கேணியில் நம் வீடுகளில் பலவும் அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே ஆகிவிடுகின்றன. ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. அடுப்பு அணைகிறது. கருவுற்ற பெண் இருந்தால் அவளை இருட்டறையில் படுக்கவைத்து, அரிவாள்மணையையும் கத்திரிக்கோலையும் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்கிறார்கள். தாகம் என்றாலும் தண்ணீர் கிடையாது. மார்க்கத்தில் இது உண்டா என்று கேட்டால், "பெரியவங்க சொல்லி வச்சது" என்ற பதில்தான் வருகிறது.

2010 ஜனவரி 15 வெள்ளிக்கிழமையன்று வந்த வளைய கிரகணத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் சூரியன் மோதிரம்போல் தெரிந்தது. சென்னையில் பகுதி கிரகணம். முற்பகல் சுமார் 11.25-க்குத் தொடங்கி, ஜும்ஆ நேரத்தையும் கடந்து, பிற்பகல் 3.15 வரை நீடித்தது. அன்று இருட்டறையில் வைக்கப்பட்ட கர்ப்பிணிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று பொருள்.

அப்பெண்ணை அடைத்து வைப்பதற்குச் சொல்லும் காரணம், பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பது. வயிற்றுப் பிள்ளையின் உதடு கர்ப்பத்தின் நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்திற்குள்ளாகவே உருவாகிவிடுகிறது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அப்படியிருக்க, ஏழு மாதக் கர்ப்பிணியிடமிருந்து கத்திரிக்கோலைப் பறித்து என்ன பயன்?

மதீனாவில் நடந்ததைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) பால்குடி வயதிலேயே வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். வேறொரு தலைவராயிருந்தால் இப்பேச்சைக் கேட்டு மெளனமாகவேனும் இருந்திருப்பார். துக்கம் நிறைந்த அந்த நேரத்திலும் நபியவர்கள் அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள்; எவருடைய மரணத்திற்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை; அதைக் கண்டால் தொழுங்கள், துஆச் செய்யுங்கள் என்று அறிவுறுத்தினார்கள்.

அத்தொழுகையில் பெண்களும் நின்றிருந்தார்கள் என்பதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அஸ்மா (ரலி) அவர்கள் வந்து, மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டபோது, தொழுதுகொண்டிருந்த ஆயிஷா (ரலி) அவர்கள் கையால் வானத்தைச் சுட்டிக்காட்டினார்கள். நெடுநேரம் நின்றதில் மயக்கம் வரவே, அஸ்மா (ரலி) தம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. கிரகண வேளையில் தண்ணீரைத் தொடாதே என்று எவரும் அவர்களைத் தடுக்கவில்லை.

அந்தக் கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27-ஆம் நாள் நிகழ்ந்தது என்று வானநூலார் கணித்துள்ளனர். ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு ஷவ்வால் மாதக் கடைசி அது. இப்ராஹீம் (ரலி) இறந்தது ரபீவுல் அவ்வல் பிறை 10-ல் என்று சில வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. பிறை பத்தில் சூரிய கிரகணம் எப்படி வரும்? இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களே இதைச் சுட்டிக்காட்டியுள்ளார்கள்.

சந்திரன் பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் வரும் அமாவாசையன்றுதான் சூரிய கிரகணம் நிகழும். எல்லா அமாவாசைகளிலும் நிகழாததற்குக் காரணம், சந்திரனின் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதே. சூரியன் சந்திரனைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆகவே நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தோன்றுகின்றன. சந்திரன் சற்று விலகியிருக்கும்போது சூரியனை முழுவதும் மறைக்க முடியாமல் வளையம் தெரிகிறது. இப்படி வளைய கிரகணமும் நிகழக்கூடும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தவர் அல்பத்தானீ.

இக்கல்வியை வீட்டுக்கு வீடு சேர்க்கப் பாடுபட்ட ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானாய்வுக் கூடத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிதான் அவர். 1868 ஆகஸ்ட் 18-ல் நிகழ்ந்த முழுக் கிரகணத்தை ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்திக்குச் சென்று ஆராய்ந்தார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்து சென்றது. அதைப் பாமரருக்கும் விளக்க, உரையாடல் நடையில் ஒரு சிறு நூல் எழுதினார். அது பல மொழிகளில் வந்தது, உர்தூவிலும் வந்தது. நவாபின் நகரமாகிய திருவல்லிக்கேணியின் உர்தூ வீடுகளுக்கும் எட்டும் மொழி அது! பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அவர் வாதாடினார். ஒரு பிராமண விஞ்ஞானி உர்தூ வாசகரை நினைத்திருக்க, நாம் நம் பிள்ளைகளுக்கு உம்மா சொன்ன பாம்புக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'விஞ்ஞானிகள் நிமிடக் கணக்காகச் சொல்லிவிட்ட பிறகு அதற்குத் தொழுகை எதற்கு?' என்று படித்த வாலிபர் சிலர் கேட்கின்றனர். பள்ளிவாசல் சுவரில் மஃரிபு நேரமும் நிமிடக் கணக்காகத்தான் தொங்குகிறது. அதனால் மஃரிபுத் தொழுகை வேண்டாமென்று ஆகிவிட்டதா? கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார்கள். உண்மையில் அக்கணக்கு நமக்கு உதவுகிறது. கிரகணத் தொழுகைக்கு நேரம், பிடிக்கத் தொடங்கியதிலிருந்து விடும்வரைதான். விட்ட பிறகு களாவும் இல்லை.

பாங்கும் இகாமத்தும் இன்றி இரண்டு ரக்அத். ஷாஃபிஈ மத்ஹபில் ரக்அத்துக்கு இரண்டு ருகூஃ, பிறகு குத்பா. ஹனஃபீ மத்ஹபில் மற்றத் தொழுகைகளைப் போல ஒரே ருகூஃ. பெண்கள் வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம்.

2027 ஆகஸ்ட் 2 திங்கட்கிழமையன்று மக்கா முகர்ரமாவில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலாக முழுக் கிரகணம் நிகழும். அன்று நம் நாட்டில் பகுதி கிரகணம். மாலைக்குச் சாயும் வேளையில் வருவதால், அஸ்ர் தொழுத பின் ஹனஃபீகள் நஃபில் தொழாமல் துஆவிலும் திக்ரிலும் இருப்பார்கள். பிள்ளைகளை வெறுங்கண்ணால் பார்க்க விடாதீர்கள். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி எதுவும் போதாது. விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. அதற்கென்றே செய்த சூரியக் கண்ணாடி கிடைக்காவிட்டால், ஓர் அட்டையில் ஊசித்துளை போட்டு, வெளிச்சத்தைத் தரையில் விழச் செய்து காட்டுங்கள். வேப்ப மர நிழலிலும் இலைகளின் இடுக்கு வழியே விழும் ஒளி அன்று பிறை பிறையாகத் தெரியும்.